ஓமர் எண்ணுவது பற்றி ஒரு கேள்வி (கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்)

தக்கலை நர்ஸ்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேள்வி சின்னதுதான். ஆனால் கதையைச் சொல்லாமல் கேட்டால் ஏதோ கிறுக்கு என்று நினைப்பீர்கள்.

நான் இஸ்ரேலில் ஐந்து வருஷம் மெட்டபெலெத் வேலை பார்த்தவள். வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அங்கே அதுதான் பெயர். கடைசி இரண்டு வருஷம் நெவாத்திம் என்ற ஊரில் இருந்தேன். பைபிளில் வருகிற பெயெர்செபாவுக்குப் பக்கம். 1950களில் கொச்சிப் பக்கத்திலிருந்து போன யூதர்கள் குடியேறிய ஊர் அது. நான் பார்த்துக்கொண்டவரும் பரவூரில் பிறந்தவர்தான். பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு போய்விட்டார். போன வருஷம் அவருக்கு எண்பத்துநாலு. எபிரேயுவில் நான் முழித்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவார். எங்கள் ஊரில் பாதிப் பேச்சு மலையாளம்தானே, சமாளித்துக்கொள்வேன். பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி நானும் ஸபா என்றே கூப்பிட்டேன். தாத்தா என்று அர்த்தம்.

யூதர்களின் பஸ்காப் பண்டிகையின் இரண்டாம் ராத்திரி ஆரம்பித்து 49 ராத்திரி அவர் நாளை எண்ணுவார். ஓமர் எண்ணுவது என்று அதற்குப் பெயர். முழுசாக இருட்டின பிறகுதான். உட்கார்ந்து எண்ண மாட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும், அதற்கு நான் பின்னால் நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்க வேண்டும். எழுந்ததும் ஒரு ஆசீர்வாத ஜெபம், அப்புறம் எண். "இன்று ஒன்பது நாள், அதாவது ஒரு வாரமும் இரண்டு நாளும்" என்ற மாதிரி. நாளையும் சொல்ல வேண்டும், வாரத்தையும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சங்கீதம். அவர் புஸ்தகத்தில் அந்தச் சங்கீதத்தை வரி வரியாக இல்லாமல் ஏழு கிளை விளக்கு வடிவில் அச்சிட்டிருப்பார்கள். விரலை ஒவ்வொரு கிளையாக நகர்த்திக்கொண்டே படிப்பார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த மூன்று நிமிஷமும் அவர் எடை என் கையில். எழுபத்தெட்டு கிலோ.

தினமும் காதில் விழுந்து விழுந்து எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. முதல் வாரம் முடிவதற்குள் நானும் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு விஷயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. சாயங்காலம் மருந்து கொடுக்கும்போது நாள், கிழமை எல்லாம் கேட்பது என் வழக்கம். மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று நோட்டில் எழுதிவைத்தால் டாக்டருக்கு உதவும். ஒரு நாள், "ஸபா, இன்று எத்தனை?" என்றேன். "இன்னலெ பதினாறு" என்றார். நேற்றைக் கேட்கவில்லை ஸபா, இன்று எத்தனை என்று மறுபடி கேட்டேன். சிரித்துக்கொண்டே "இன்னலெ பதினாறு." சரி, குழப்பம் வந்துவிட்டது என்று நோட்டில் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நின்று பதினேழு என்று தெளிவாக எண்ணினார்!

இன்னொன்று. 26ஆம் ராத்திரி அவருக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ராத்திரியும் மறுநாள் பகலும் அங்கேயே போயிற்று. மறுநாள் ராத்திரி வீட்டுக்கு வந்து வழக்கம்போல் தூக்கி நிறுத்தினேன். ஆசீர்வாதம் சொல்லவில்லை. நேராக எண்ணுக்குப் போய்விட்டார், "இன்று இருபத்தேழு நாள்..." மறந்துவிட்டார் என்று நினைத்து முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தேன். கையை ஆட்டி, "அது போயி" என்றார். அதன் பிறகு கடைசி வரை ஆசீர்வாதம் கிடையாது, எண் மட்டும்.

விசா முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். அவர் இப்போது மகள் வீட்டில். ஈஸ்டர் நெருங்குகிறது. இந்த வருஷம் நானே ஜெபமாக எண்ணலாம் என்று ஆசை. வேறு ஜெபம் ஓடாத ராத்திரியிலும் அந்த ஒரு வரி எனக்கு ஓடுகிறது. எங்கள் சபையில் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "கிருபைக்கு வந்துவிட்டு மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்துக்குத் திரும்பிப் போகிறாயா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

எண்ணலாமா? எண்ணினால் எந்த நாளிலிருந்து? எனக்கு மனப்பாடமான அந்த ஆசீர்வாதத்தையும் சொல்லலாமா?

பாளை வாத்தியார்:

தங்கச்சி, முதலில் உங்கள் இரண்டு புதிருக்கு வருகிறேன். ஸபாவுக்கு அன்று குழப்பமே இல்லை. நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அவர்கள் முறைப்படி ஆசீர்வாதம் முதலில், எண் பிறகு. "இன்று பதினேழு" என்று பேச்சுவாக்கில் வாயிலிருந்து வந்துவிட்டாலே எண்ணியதாகக் கணக்கு. அப்புறம் ஆசீர்வாதம் சொன்னால் அது வீண். அதனால் பொழுது சாய்ந்த பிறகு யாராவது எத்தனை என்று கேட்டால் "நேற்று இத்தனை" என்று பதில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சட்டநூலான ஷுல்கான் ஆரூகிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் இரண்டு தடவை பிடுங்கிக் கேட்டும் மனிதர் மாட்டிக்கொள்ளவில்லை பாருங்கள்.

இரண்டாவது. லேவியராகமம் 23ல் ஏழு வாரங்கள் நிறைவாக எண்ண வேண்டும் என்று இருக்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் அந்த நிறைவு உடைந்துவிட்டது என்பது ஒரு சாரார் கருத்து. ஒவ்வொரு ராத்திரியும் தனித்தனிக் கடமை, ஒன்று போனால் மற்றது போகாது என்பது இன்னொரு சாரார் கருத்து. இரண்டு பக்கத்தையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விட்டவர் தொடர்ந்து எண்ண வேண்டும், ஆனால் ஆசீர்வாதம் சொல்லக்கூடாது. ராத்திரி மறந்து மறுநாள் பகலில் எண்ணிக்கொண்டால் பரவாயில்லை, அன்று ராத்திரியிலிருந்து ஆசீர்வாதத்தோடு தொடரலாம். பகலும் போய்விட்டால்தான் "அது போயி".

அப்புறம் ஓமர் என்ற வார்த்தை. நம் பழைய மொழிபெயர்ப்பில் லேவியராகமத்தில் "கதிர்க்கட்டு" என்று வரும் இடத்தில் எபிரேயுவில் ஓமர்தான். யாத்திராகமம் 16ல் அதே வார்த்தையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். தலைக்கு ஒரு ஓமர் மன்னா, ஓமர் என்பது எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு. பஸ்கா சமயத்தில் வாற்கோதுமையின் முதல் கதிரைக் கொண்டுவந்து கர்த்தருக்கு முன் அசைவாட்டிப் படைப்பார்கள். ஐம்பதாம் நாள் கோதுமை மாவில் புளித்த அப்பம் இரண்டு. அதாவது வாற்கோதுமை அறுப்பிலிருந்து கோதுமை அறுப்பு வரைக்கும் எண்ணுகிறார்கள். பைபிளில் வரும் ரூத் என்ற பெண் பெத்லகேமுக்கு வந்தது வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில், கதிர் பொறுக்கியது கோதுமை அறுப்பு முடியும் வரை. கிட்டத்தட்ட இதே ஏழு வாரம். யூதர்கள் ஐம்பதாம் நாள் பண்டிகையில் ரூத்தின் புஸ்தகத்தை வாசிப்பதும் சும்மா இல்லை.

எந்த நாளிலிருந்து என்பதற்கு: அதே லேவியராகமம் 23 எண்ணத் தொடங்கச் சொல்லும் "ஓய்வுநாளின் மறுநாள்" என்பதில் பழைய சண்டை ஒன்று உண்டு. அந்த ஓய்வுநாள் பஸ்காப் பண்டிகையின் முதல் நாள் என்பது பரிசேயர் வழி. உங்கள் ஸபா வழியும் அதுதான். இல்லை, அது சனிக்கிழமையேதான், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணு என்பது இன்னொரு வழி. வேதத்தை மட்டும் ஏற்று ரபிமார் மரபை ஏற்காத காராய யூதர்கள் இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இந்த இரண்டாவது வழியில் ஐம்பதாம் நாளும் எப்போதும் ஞாயிறாகவே வரும். நம் ஈஸ்டரும், பரிசுத்த ஆவி இறங்கிய நாளான பெந்தெகொஸ்தேயும் அந்தக் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த வருஷம், 2026ல், அவர்கள் முதல் எண் ஏப்ரல் 2 ராத்திரி, நமக்குப் பெரிய வியாழன். நீங்கள் உயிர்த்தெழுந்த ஞாயிறு ஏப்ரல் 5ஐ ஒன்று என்று வைத்தால் மே 24 பெந்தெகொஸ்தே சரியாக 50. இரண்டுக்கும் இரண்டு நாள்தான் வித்தியாசம். எல்லா வருஷமும் இவ்வளவு நெருக்கம் கிடையாது. 2024ல் ஈஸ்டர் மார்ச் 31, அவர்கள் பஸ்கா ஏப்ரல் 22 ராத்திரி.

நின்றுகொண்டு எண்ணுவது பற்றி எழுதினீர்களே, அதற்கு ஒன்று. கி.பி. 325ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் முழங்கால்படியிடாமல் நின்று ஜெபிக்கச் சொல்கிறது. ஐம்பது நாளும் நின்றுதான். நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

சங்கீதம் எது என்று நீங்கள் எழுதவில்லை. 67 ஆகத்தான் இருக்கும். எபிரேயுவில் தலைப்பை விட்டு எண்ணினால் அதில் 49 வார்த்தை.

ஷாலோம் பிரதர்:

சிஸ்டர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். கலாத்தியர் 4:10, "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே." பவுல் இதைப் பாராட்டியா சொல்கிறார்?

எனக்குப் பயம் உங்களைப் பார்த்து இல்லை. முதலில் யூதர்களின் ஆட்டுக்கொம்பு எக்காளமான ஷோபார் வந்தது. கன்வென்ஷன் மேடையில் நம் ஆட்கள் அதை ஊதி மூச்சு வாங்குகிறார்கள். அப்புறம் யூதர்களின் ஜெபச் சால்வை. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் "முதற்பலன் சீசன்" என்று சொல்லி ஐம்பது நாளைக்கு ஐம்பது காணிக்கைக் கவர் அச்சடித்துக் கொடுத்தார்கள். நாள் போட்ட கவர்! நீங்கள் உத்தமமாக ஆரம்பிப்பீர்கள், அடுத்த வருஷம் ஒருவர் இதற்கு மொபைல் ஆப் போட்டுவிடுவார்.

மற்றபடி வாத்தியார் ஐயா எழுதியது நல்ல தகவல். பெந்தெகொஸ்தே சபையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பெந்தெகொஸ்தே என்றால் கிரேக்கத்தில் "ஐம்பதாவது" என்று அர்த்தம் என்பது தெரியும். ஆனால் எங்கிருந்து ஐம்பது என்று இன்றுவரை யோசித்ததில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பாளை வாத்தியார்:

தம்பி, கவர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் ரோமர் 14:6ஐயும் அதே பவுல்தான் எழுதினார். "நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவன் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்ளுகிறான்." கலாத்தியாவில் அவர் கோபம், இதைச் செய்தால்தான் இரட்சிப்பு என்று புறஜாதியார் தலையில் கட்டினவர்கள் மேல். இந்தத் தங்கச்சி யார் தலையிலும் கட்டவில்லை. ஒரு கிழவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதில் இவருக்குத் தானாக ஒட்டிக்கொண்டது.

தக்கலை நர்ஸ்:

சார், சங்கீதம் 67 தான். "பூமி தன் பலனைத் தரும்" என்று வருமே, அதேதான். மகளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பகலில் எண்ணியிருந்தால் போதும் என்றீர்கள். அன்று பகல் முழுக்க நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி ஜெல்லி ஊட்டினேன், கண் திறந்து பேசினார். பரவூரில் அவர்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னார். ஆக்சிஜன் அளவு, யூரின் அளவு எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. 26 ஞாபகம் வரவில்லை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் மிச்சம் 23 ராத்திரியும் ஆசீர்வாதத்தோடு எண்ணியிருப்பார். அதைக்கூட என்னிடம் சொல்லிக்காட்டாமல் "அது போயி" என்று கையை ஆட்டிவிட்டார்.

பிரதர், ஆப் எல்லாம் வேண்டாம். என்னிடம் இருப்பது மருந்துக் கடையில் கொடுத்த மாத நாட்காட்டி.

பாளை வாத்தியார்:

அம்மா, அவர்கள் சட்டத்தில் உயிரைக் காப்பாற்றுவதற்கு ஓய்வுநாளையே மீறலாம், மீற வேண்டும் என்று இருக்கிறது. 26 எம்மாத்திரம்? நீங்கள் ஆக்சிஜனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

ஸ்காபரோ மேரி:

இயேசுவுக்கே புகழ். அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொண்டோ. கத்தோலிக்கர். உங்கட பதிவை இரண்டு தரம் வாசிச்சன்.

நான் வேலை செய்யிற பல் வைத்தியசாலை தோர்ன்ஹில்லில இருக்கு. அங்க யூத ஆக்கள் நிறைய. என்னோட ரிசப்ஷனில இருக்கிற பெண் ஒவ்வொரு வருசமும் ஓமர் எண்ணுவா. எங்கட கோயிலில ஒருக்கா பெரிய வியாழன் அன்று யூதர்களின்ட பஸ்கா விருந்தை நடிச்சுக் காட்டினவை, அதைச் சந்தோசமா அவவிட்டச் சொன்னன். முகம் மாறிப்போச்சு. "எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையை நீங்கள் மேடையில போட்டிருக்கிறியள்" எண்டா. நூற்றாண்டுக் கணக்கா பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் கிறிஸ்தவர்களுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த சனம் அது, அதை நான் யோசிக்கவே இல்லை. அதனால இதில நான் கொஞ்சம் அவதானம்.

எண்ணுறதில பிழையில்லை எண்டுதான் நினைக்கிறன். நாளை எண்ணுறது ஒருத்தற்ற சொத்தும் இல்லை. "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" எண்டு 90ஆம் சங்கீதத்தில நாங்களும்தானே கேக்கிறம். ஆனா அந்த ஆசீர்வாதத்தின்ட வார்த்தையைப் பாருங்கோ. "உம்முடைய கட்டளைகளால் எங்களைப் பரிசுத்தப்படுத்தி, ஓமரை எண்ணும்படி எங்களுக்குக் கட்டளையிட்டவரே" எண்டு வரும். எங்களுக்குக் கட்டளையிட்டவர். உங்களுக்கு, எனக்கு ஆர் கட்டளையிட்டது? அது அவையின்ட வாய்க்குரிய வசனம். எண்ணை எடுங்கோ, அதை விட்டிடுங்கோ.

இன்னொண்டு. எங்களிட்ட ஏற்கெனவே இந்த எண்ணிக்கையின்ட வால் இருக்கு. ஆண்டவர் விண்ணேற்றம் 40ஆம் நாள், வியாழன். அடுத்த நாள் தொடங்கி ஒன்பது நாள் தூய ஆவிக்கு நவநாள் செபம். 41, 42 எண்டு எண்ணிப் பாருங்கோ, ஒன்பதாம் நாள் 49. சீடரும் மாதாவும் மேலறையில செபிச்சுக்கொண்டிருந்த நாட்கள் இதுதான். (கனடாவில விண்ணேற்றத்தை ஞாயிற்றுக்குத் தள்ளிப்போட்டினம், கணக்கு இடிக்குது. அது வேற கவலை.) நான் சின்ன வயசில இருந்து அந்த ஒன்பதை எண்ணுறன். அதுக்கு முன்னால நாற்பது இருக்கெண்டு இப்பதான் யோசிக்கிறன்.

ஷாலோம் பிரதர்:

மேரி சிஸ்டர் சொன்ன கட்டளை பாயிண்ட் சரி. ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணினால் என் ஆட்சேபணையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை மே 24க்குப் பிறகு பார்ப்போம்.

தக்கலை நர்ஸ்:

மேரி, நீங்கள் எழுதியதுதான் எனக்கு வழி. ஆசீர்வாதம் சொல்லாமல் எண்ணுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 23 ராத்திரி பார்த்தேனே. எழுந்து நிற்பார், அந்த வார்த்தைகள் வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு எண்ணைச் சொல்வார். ஸபாவே அந்த வரிசையில் நின்றிருக்கிறார் என்றால் நான் அதே வரிசையில் நின்றால் போதும். எனக்கு அந்த இடத்தில் ஒரு மூச்சு.

வாத்தியார் சார் கணக்குப்படி ஈஸ்டர்தான் ஒன்று. நேற்று ராத்திரி ஆரம்பித்துவிட்டேன். ஆராதனை முடிந்து, விருந்தாளிகள் போய், பாத்திரம் கழுவி, பத்தரை மணி ஆகிவிட்டது. அடுப்படியில் நின்றபடியே, "இன்று ஒரு நாள்" என்று தமிழில்தான் சொன்னேன். 67ஐயும் வாசித்தேன். கையில் எடை இல்லாமல் நிற்பது ஒரு மாதிரி இருந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒன்பதேகால் மணிக்கு அவர் மகளுக்கு போன் போட்டேன். அங்கே ஏழு மணிக்குக் கால் மணி குறைவு, இன்னும் வெளிச்சம் இருந்தது. வீடியோவில் காட்டினார்கள். மெலிந்துவிட்டார். என் பெயர் அவருக்கு வரவில்லை. "மருந்துக்காரி" என்றார், அது போதும் எனக்கு. மகள் பக்கத்திலிருந்து, "இப்போதெல்லாம் கிழமைகூட தெரிவதில்லை" என்றார்.

பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். ஸபா, இன்று எத்தனை?

"இன்னலெ மூந்நு" என்றார்.